பாலிஷ் அக்காவின் துரைசானிச் சிவப்பு

பீரங்கி வைத்து எதிரியை விரட்டியவர்கள் உண்டு. பட்டினி போட்டு விரட்டியவர்களும் உண்டு. விரல் நகத்தைக் காட்டி ஜப்பான் ராணுவத்தைப் பின்வாங்க வைத்தவர், எனக்குத் தெரிந்து இந்த மலாயாவில் ஒரே ஒருவர்தான். அவர் பாலிஷ் அக்கா.

தாய் தகப்பன் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதுவதற்காக ஒருமுறை கேட்டேன். "பாலிஷ் அக்கான்னே எழுதிக்குங்க தம்பி. வேற பேரு எழுதினா, கூப்பிடுறப்ப நான் யாரையோன்னு ஒக்காந்திருப்பேன்" என்றார். விதிப்படி அது செல்லாது. எழுதிக்கொண்டேன்.

அப்போது நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டிரஸ்ஸர் என்பவர் டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர். டாக்டர் வந்துவிட்டால் அவர் பையைத் தூக்குபவர். ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறி, பினாங்கில் பயிற்சியும் முடித்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பினேன். புண்ணைத் தொடுமுன் கையைக் கழுவ வேண்டும். கையைக் கழுவுமுன் கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். கடிகாரத்தைக் கழற்றுமுன் மணி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றும் எங்கள் வீட்டில் பாயசம் வைப்பதற்கு நான் ஒரு வரிசை சொல்வதுண்டு. பாயசம் வைக்கும் நாளில் என்னை வாசலில் உட்கார வைப்பதும் அதனால்தான்.

அக்கா துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசானிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. காலையில் நகத்துக்குச் சிவப்பு பூசுவது ஒன்று. மாலையில் அதை அழிப்பது மற்றொன்று. இரண்டையும் செய்தவர் அக்கா. நாளடைவில் பங்களாவிலிருந்து அந்தக் கலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி வந்தது. யாருக்காவது கல்யாணம், காதுகுத்து என்றால் அக்கா புட்டியும் கையுமாக வந்து நிற்பார். மருதாணி அரைத்துக்கொண்டிருக்கும் பெண்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மருதாணியா? சாணி மாதிரி அப்பிக்கிட்டு ராவெல்லாம் கையத் தூக்கிட்டே கெடக்கணும். காலையில பாத்தா பரங்கிக்கா கலரு! பாலிஷ்னா பூசினோமா, ஊதினோமா, போனோமான்னு இருக்கும் லா!"

சொல்லும்போது பத்து விரல்களையும் விரித்து நம் மூக்கருகே கொண்டுவருவார். அவர் கையை ஆட்டாமல் பேசி நான் பார்த்ததில்லை. ஆட்டும்போது நகத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தம்பி மாரிமுத்து. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்ச் சேர, இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மாரி இப்போது முறுக்கு மீசையும் பனைமரத் தோளுமாகப் பால்வெட்டில் முதல் ஆள். "என் நகத்தப் பாரு" என்று சொல்லி முடித்தவுடன் "என் தம்பியப் பாரு" என்பார். சில நாள் வரிசை மாறும்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசானியும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பங்களாக் கதவு திறந்து கிடந்தது. ஒருவர் கிராமபோனை எடுத்தார். இன்னொருவர் குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் வாத்து வளர்த்தார். கனமான ஒன்றைத் தூக்கும் பலம் இருந்தும் பாலிஷ் அக்கா எடுத்தது ஒரே ஒரு சின்னப் புட்டி. உள்ளே முக்கால்வாசி சிவப்பு.

பிறகு நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அரிசி போயிற்று, மரவள்ளிக்கிழங்கு வந்தது. சவர்க்காரம் போயிற்று, செம்பனை எண்ணெயும் சாம்பலும் வந்தன. துணி போயிற்று. ஆண்கள் ரப்பர் ஷீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். வெயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டும். பெண்கள் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்து உடுத்திக்கொண்டார்கள். அந்தக் கோலத்தில்தான் அக்கா பங்கீடு தொடங்கினார். அரசாங்கப் பங்கீட்டைவிட நேர்மையானது அது. தலைக்கு ஒரு நகம். வலது கைச் சுண்டுவிரல் மட்டும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெண்கள் சாக்கு உடுத்திக்கொண்டு பாலைத் தூக்கிப் போகும்போது வாளிக் காதில் படாமல் சுண்டுவிரலை மட்டும் தனியே நீட்டிக்கொண்டு போவார்கள். மற்றதெல்லாம் ஜப்பான்காரனுக்குச் சொந்தம். அந்த ஒரு விரல் அவர்களுக்கு.

புட்டி ஒருநாள் காலியாயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினார். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். கடைசியில் புட்டியை வெயிலில் காட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "சீமைக்காரன் செய்யிறதுதானே, நான் செஞ்சா ஆகாதா?" என்று அறிவித்தார். எனக்கு அன்றைக்கே மருந்துப் பெட்டியைச் சரிபார்த்து வைக்கத் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் தயாரிப்பு ரப்பர்ப் பாலில் குங்குமம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து அவரே இடித்த குங்குமம். வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி தைரியமாகக் கையை நீட்டினார். பால் உறைந்தது. ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, அந்த அம்மாள் குளியல் தொட்டி வாத்துகளுக்கு உறவுக்காரி போல ஆஸ்பத்திரிக்கு வந்தார். கத்தரிக்கோலால் பிரித்துவிட்டேன்.

இரண்டாவது, மெழுகு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுப்பருகே போனதும் உருகிக் குழம்பில் விழுந்தது. ஒரு குடும்பம் முழுவதும் சிவந்த நாக்கோடு என்னிடம் வந்து நின்றது.

மூன்றாவதுக்கு அக்கா ஊருக்குள் போனார். கோலா கெத்திலில் ஒரு மலாய்த் தச்சர் கருப்பு மேசை ஒன்றை வாசலில் காயப் போட்டிருந்தார். அதில் அக்காவின் முகம் தெரிந்தது. மேசை நகம்போல் மின்னினால், நகமும் மேசைபோல் மின்னலாம் அல்லவா? என்ன பூசினீர்கள் என்று கேட்டார். ரெங்காஸ் மரத்துப் பால் என்று தச்சர் சொன்னார். சொன்ன கையோடு, "ஜாங்கான், காக்! காதால்!" என்று இரண்டு கைகளாலும் உடம்பைப் பிறாண்டியும் காட்டினார். தொடாதே அக்கா, அரிக்கும் என்று பொருள். தெளிவான எச்சரிக்கை. நடித்தும் காட்டப்பட்டது. அக்கா அங்கேயே புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். மறுநாள் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அந்தத் தச்சனுக்குத் தோலு சரியில்ல. எனக்கு ஒண்ணும் ஆகலையே!" என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் தோட்டத்தின் சரித்திரம்.

தச்சரிடமே வாங்கி வந்த ரெங்காஸ் பாலில் குங்குமமும், மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினார். எண்ணெய் சேர்ந்ததால் அது மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காயாது. நிறம் கருஞ்சிவப்பு. 'துரைசானிச் சிவப்பு' என்று பெயரும் வைத்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் பூசினார். இந்த முறை பங்கீடு கிடையாது. பத்து விரலுக்கும்.

திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தேன். உடனே சாத்தினேன். பிறகு உத்தியோகத்தை நினைத்து மீண்டும் திறந்தேன்.

வரிசையாகப் பெண்கள். இமைகள் பலாச்சுளை போல வீங்கி, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கழுத்தில் பட்டை பட்டையாகச் சிவப்பு. சிலருக்குக் கன்னம், சிலருக்கு மூக்குத்தி ஓரம். ஒருத்தி தன் கணவன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உன்னாலதாய்யா!" என்று திட்டினாள். பக்கத்தில் நின்ற கணவன் ஓரடி தள்ளி நின்றுகொண்டான். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

நான் நடைமுறையைத் தொடங்கினேன். காய்ச்சல் உண்டா? இல்லை. வாந்தி? இல்லை. அம்மையா? கொப்புளம் வேறு மாதிரி. பெரிபெரியா? கால் வீங்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கருவாடு என்றார்கள், கருவாட்டை நிறுத்தினேன். பெலாச்சான் என்கிற இறால் விழுது என்றார்கள், அதையும் நிறுத்தினேன். கிழங்கு என்றார்கள், கிழங்கையும் நிறுத்தினேன்.

"அப்ப என்னத்ததான்யா திங்கிறது?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கம்மா."

"பொறுக்கலாம்யா. எதத் தின்னுட்டுப் பொறுக்கிறது?"

கிழங்கை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். கோயில் பூசாரியோ, ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றாத கோபம் என்றார். அரிசியே இல்லாத காலத்தில் ஆத்தா கூழ் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்து, உபயோகமில்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டே அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும்போது கழுத்தைச் சொறிந்தாள். அங்கே சிவப்பு. வெட்கப்பட்டபோது மூக்குத்தியைத் திருகினாள். அங்கே சிவப்பு. தூக்கம் வந்து இமையைத் தேய்த்தாள். அங்கே பலாச்சுளை. விரல் போன இடமெல்லாம் வீக்கம். விரலில் மட்டும் ஒன்றுமில்லை; பால்வெட்டிக் காய்த்துப்போன விரல், எதையும் தாங்கும். நகம் குற்றவாளி. தண்டனை கண்ணுக்கு.

அக்காவின் அடுப்படிக்குப் போனேன். கொட்டாங்கச்சியில் கருஞ்சிவப்பாக அது இருந்தது. எதில் செய்தீர்கள் என்றேன். சொன்னார். கொட்டாங்கச்சியிலிருந்து இரண்டடி பின்வாங்கினேன். காடு வெட்டப் போனவர்கள் ரெங்காஸ் மரத்தில் கைவைத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். மழைக்குக்கூட அதனடியில் ஒதுங்க மாட்டார்கள். அதை இவர் தேங்காய் எண்ணெயில் குழைத்து விரல் நுனியில் வைத்துவிட்டிருக்கிறார்.

"அக்கா, இது விஷம்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"உங்களுக்கு ஆகாது. சிலர் தோலு அப்படி. மத்தவங்களப் பாருங்க, கண்ணு தெரியாம சுவத்துல முட்டிக்கிறாங்க."

"அவங்க மூஞ்சிய எதுக்குத் தொடுறாங்க? நான் பூசினது நகத்துல. மூஞ்சியிலயா பூசினேன்? சொல்லுங்க தம்பி, ஞாயமா சொல்லுங்க."

நியாயமாகச் சொன்னால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பாலிஷ் பூசிய பிறகு மனிதன் தன் முகத்தைத் தொடக்கூடாது என்ற ஒரே ஒரு சின்ன நிபந்தனைதான். நான் அதைக் கீழே ஊற்றச் சொன்னேன். அவர் அழுதார். சத்தம் போட்டார். என் தொப்பியைப் பற்றியும் என் படிப்பைப் பற்றியும் சில கருத்துகள் சொன்னார். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இதைவிட வியப்பு, வீக்கம் வடிந்ததும் பெண்களில் பாதிப்பேர் மறுபடி அவரிடம் போய்க் கையை நீட்டியதுதான். "வீங்கினா வீங்கட்டும்யா. இந்தச் சாக்குல வேற என்ன மின்னுது?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள்.

இந்த நிலையில்தான் சயாம் பேச்சு வந்தது.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் திடமான ஆண்களை எடுக்கிறார்கள் என்று முதலில் செய்தியாக வந்தது. பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி வந்தது. ஏறியவர்களைப் பற்றித் தகவல் இல்லை. அடுத்த வாரம் எங்கள் முறை என்று சொல்லிவிட்டார்கள். ஆண்களையெல்லாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பொறுக்குவார்களாம். திடமான ஆள் என்றால் யார்? பனைமரத் தோள், முறுக்கு மீசை. முதல் விரல் மாரிமுத்துவை நோக்கித்தான் நீளும் என்பது தோட்டம் முழுவதுக்கும் தெரிந்திருந்தது.

பேச்சை நிறுத்தியிருந்த அக்கா அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையை ஆட்டவில்லை.

"தம்பி, சீக்காளியக் கூட்டிட்டுப் போவானுங்களா?"

"சாதாரண சீக்குன்னா போவான். ஒட்டுற சீக்குன்னா தொடமாட்டான். லாரியில ஒருத்தனுக்கு இருந்தா எல்லாத்துக்கும் வரும்னு பயம்."

"மூஞ்சி வீங்கினா?"

"வீங்கினா?"

"பொம்பளைங்களுக்கு வீங்குச்சே, அந்த மாதிரி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"அது ஏன் வீங்குச்சுன்னு நீங்க ஒத்துக்கணும் அக்கா. அப்பதான் வைத்தியம் பேசலாம்."

"நான் ஒண்ணும் ஒத்துக்கல. என் பாலிஷு நல்ல பாலிஷு. ஆனா ஒங்க பேச்சுக்கு... சும்மா... ஒரு தடவ பூசிப் பாக்கலாம்ல?"

மனித குலத்தில் இதைவிடப் பெரிய வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் வேலை விட்டதும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் ஆண்கள் கூடினார்கள். பாம்பைக் கையால் பிடிப்பவர்கள், கள்ளுக்கடைச் சண்டையில் பெஞ்சை உடைத்தவர்கள், எல்லாரும் வெட்கத்தோடு கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஓலைத் தடுக்கைப் போட்டு உட்கார்ந்து, கோழியிறகைக் கொட்டாங்கச்சியில் தோய்த்தார்.

"அடுத்த ஆளு! கைய நீட்டுடா. நடுங்காத, கோடு கோணும்."

"அக்கா, எம்பொண்டாட்டி பாத்தாச் சிரிப்பா."

"சயாமுக்குப் போனா அழுவா. எது வேணும்?"

"ரெண்டு கையும் பூசிடுங்க."

"காலு நகத்துல பூசினா ஆகாதாக்கா? யாருக்கும் தெரியாம இருக்கும்."

"காலால கண்ணத் தேய்ப்பியா? தேய்ச்சுக் காட்டு, பூசறேன்."

அவசரத்துக்குப் பூசுவது, நாளை அழியப்போவது, வீங்குவதற்காகவே பூசுவது. ஆனாலும் அக்கா ஒரு நகத்தையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. ஓரம் வழிந்தால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசினார். தூசி விழுந்தால் ஊதினார். ஒவ்வொரு கையையும் தள்ளிப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் நின்று நடைமுறை சொன்னேன். இமையில் லேசாக, கழுத்தில் லேசாக, வேறெங்கும் கூடாது. ஒருவர் மட்டும் அதைக் காதில் வாங்காமல் நேரே ஒதுக்குப்புறம் போய்விட்டார். குடும்பங்கள் படிக்கும் பத்திரிகை இது என்பதால் அவரைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை. லாரி வந்த அன்று அவர் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

கணக்குப் போட்டபடியே இரண்டு நாளில் முகங்கள் பழுத்தன, நகத்துச் சிவப்பு கறுத்தது. மீசைகள் வீக்கத்தில் புதைந்தன. கங்காணி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கங்காணிக்கே தெரியவில்லை. எல்லாரும் சந்தோஷமாகச் சொறிந்துகொண்டிருந்தபோது அக்கா ஓட்டமாக வந்தார்.

"தம்பி! மாரிக்கு வீங்கல!"

போய்ப் பார்த்தேன். மாரிமுத்து நடுவாசலில் நின்றிருந்தான். கண்ணைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறான். இமை வழவழவென்று இருந்தது. கழுத்து சந்தனக் கட்டை போலிருந்தது. சொறியும் வீக்கமும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் அவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அக்காவின் தோல். அதே ரத்தம்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையேக்கா" என்றான், மன்னிப்புக் கேட்பது போல.

வாழ்நாளெல்லாம் பெருமையாகச் சொன்ன வாக்கியத்தை அக்கா அன்று தம்பி வாயிலிருந்து கேட்டார். "ஆயிருக்கக்கூடாதாடா?" என்று அவன் தோளில் அடித்தார். இன்னும் ஒரு பூச்சு பூசினார். அதற்குமேல் இன்னொன்று. நகம் மட்டும் தடித்து, கறுத்து, கண்ணாடியாக மின்னியது. முகம் வேறு பொலிவாக இருந்தது.

விடிந்ததும் லாரி வந்தது.

அதிகாரி ஒல்லியான ஆள். பூட்ஸ் அவரைவிடப் பெரியது. கையில் பிரம்பு. கூடவே மொழி பெயர்க்க ஒரு ஜப்பானியர். போருக்கு முன் சுங்கை பட்டாணியில் போட்டோ கடை வைத்து, எங்கள் ஆட்களையெல்லாம் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் படம் எடுத்தவர். பாசார் மலாய், அதாவது கடைவீதி மலாய், சரளமாகப் பேசுவார். எங்களோடு அவர் பேசியதும் மலாய்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

வரிசையைப் பார்த்ததும் அதிகாரி நின்றுவிட்டார். நான் முன்னால் போய் வணங்கி, பயிற்சியில் கற்ற அத்தனை கௌரவமான குரலில் சொன்னேன்: ஒட்டுநோய். முதலில் நகம் கறுக்கும், பிறகு முகம் வீங்கும், பிறகு சொல்லும்படி இருக்காது. பழைய வழக்கத்தை விடாமல், நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் விதிகளையும் வரிசையாக ஒப்பித்தேன். அதிகாரி பிரம்பை நீட்டி ஒருவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கறுத்த நகம். அடுத்தவர். கறுத்த நகம். பிரம்பைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பிரம்பு மாரிமுத்துவிடம் நின்றது.

"இவன் முகத்தில் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"இது ஆரம்பம் துவான். நகம் வந்துவிட்டது. முகம் நாளைக்கு வரும். இந்தக் கட்டத்தில்தான் அதிகமாக ஒட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

போட்டோக்காரர் யாரும் எதிர்பாராததைச் செய்தார். மாரியின் கையை வெறும் கையால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் நகத்தால் அவன் நகத்தைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக். விரலை இப்படியும் அப்படியும் சாய்த்து மினுமினுப்பு ஓடுவதைப் பார்த்தார். பிறகு திரும்பினார். பெண்கள் நின்ற பக்கம் பார்வை போய், வரிசைக்கு முன்னால் நின்ற அக்காவிடம் நின்றது.

அதிகாரிக்குப் புரியாத மலாயில், சாதாரணமாகக் கேட்டார்:

"எங்கள் ஊரில் கிண்ணத்துக்கு இப்படி மரப்பால் பூசுவார்கள். என் அம்மா பூசுவாள். இது நல்ல வேலை. ஓரம் வழியவில்லை, ஒரு தூசி இல்லை. கை பழகிய ஆள். யார் பூசியது?"

களத்தில் சொறியும் சத்தம்கூட நின்றுவிட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அவரை எங்களுக்குத் தெரியும். "பரவாயில்லை" என்று சொன்னாலே வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுப்பவர். துரைசானி ஒருநாளும் அவர் வேலையைப் பாராட்டியதில்லை. நாங்கள் பாராட்டினோம், ஆனால் எங்களுக்கு என்ன தெரியும்? இப்போது தெரிந்த ஒருவன் வந்து, தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, யார் என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு விடை, அவருடைய இரண்டு கைகளிலும் மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கைகள் எங்கே என்று தேடினேன். சாக்குப் புடவையின் மடிப்புக்குள் முழங்கை வரை போயிருந்தன.

"பூசுறதா?" என்றார் அக்கா. "இதையா? துவானுக்குக் கண்ணு தெரியலையா? அழுகிப்போன நகம் துவான் அது! பொணத்துக்குத்தான் இப்படி நகம் இருக்கும். பாக்கவே கொமட்டுது. இந்த அசிங்கத்த எந்தப் பொம்பளையாச்சும் தன் கையால பூசுவாளா?"

சொல்லிவிட்டுத் தரையில் துப்பவும் செய்தார்.

போட்டோக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாக்கு மடிப்பையும் பார்த்தார். மாரியின் விரலை மெதுவாக விட்டார். பிறகு அதிகாரியிடம் திரும்பி ஜப்பானிய மொழியில் நிறையப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நம்பினாரா, நம்பிவிடுவது என்று முடிவு செய்தாரா, அதுவும் தெரியாது. அதிகாரியின் முகம் வெளுத்தது மட்டும் தெரிந்தது. அவர் பின்பக்கமாகவே நடந்து லாரி வரை போனார். என் கையிருப்பில் இருந்த கார்பாலிக் கிருமிநாசினி முழுவதையும் பிரம்பின்மேல் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அப்படியும் பிரம்பை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தோட்டத்து வாசலில் எச்சரிக்கைத் துணி கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டினோம். அதற்குப் பிறகு நெடுநாள் எந்த லாரியும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான் என்று பின்னால் தெரிந்தது.

அன்று களத்தில் ஒரே கொண்டாட்டம். கண் தெரியாதவர்கள் கண் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மண்டோர் தன் மனைவி என்று நினைத்துப் பூசாரியைத் தூக்கிச் சுற்றினார். மாரியைத் தோளில் ஏற்றி, வழி தெரியாமல் வடிகாலுக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். அக்காவை மட்டும் அங்கே காணவில்லை.

ஆஸ்பத்திரிப் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கைகள் இன்னும் மடிப்புக்குள்தான் இருந்தன. நான் காலி கார்பாலிக் டின்னோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பொணத்து நகம்னு சொல்லிட்டேன் தம்பி."

"சொல்லத்தானே வேணும் அக்கா."

"என் வாயாலயே சொன்னேன். துப்பிட்டு வேற வந்தேன்." கால் பெருவிரலால் படியைத் தேய்த்தார். "அந்த ஆளு தட்டிப் பாத்தான், பாத்தீங்களா? ஒரு தூசி இல்லன்னான்."

"கேட்டேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் டின்னைக் கீழே வைத்தேன். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்து, அவர் முன்னால் நீட்டினேன்.

"ரொம்ப அழகா இருந்துச்சு அக்கா. எனக்கும் பூசி விடுங்க."

என் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை என்று உறுதி செய்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கைகளை வெளியே எடுத்து, இடுப்பில் முடிந்திருந்த துரைசானியின் சின்னப் புட்டியை அவிழ்த்தார்; அதில் மிச்சப் பாலிஷ் இருந்தது.

"எந்த வெரலு?"

"எல்லாம்."

ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டால், அதை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பது முதல் விதி. அவர் ஊதி ஊதிக் காயவைத்து முடிக்கும்வரை நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.